டிபென்ஸில் இருந்த மாப்பிள்ளை

என் அண்ணா சுவிஸில் ஐஸ் ஹொக்கியைத் தொழிலாக விளையாடியவர். இடம்: டிபென்ஸ். எதிரணிக்காரன் பாய்ந்து வரும்போது குறுக்கே நின்று உடம்பால் மறிக்க வேண்டும். நான் மென்பொருளில் பிழை பார்க்கிறவள். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குப் புரியும். அண்ணா ஓய்வு பெற்று லண்டனில் கோலியர்ஸ் வுட்டுக்கு எங்களிடம் வந்தபோது அவரிடம் இருந்தவை: பொய்ப்பற்கள், தோளில் ஒரு தகடு, சரியாக மடங்காத முழங்கால். தலையில் பட்ட அடிகள் தனி. அவற்றால் சில வேளைகளில் அவருக்குச் சொற்கள் வருவதில்லை. அதை வெளியில் சொல்வதில்லை என்பது அம்மாவின் முடிவு.

பக்கத்து டூட்டிங்கில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசினார்கள். இருவரும் சில மாதங்கள் போனில் கதைத்தார்கள். அண்ணாவுக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. பிறகு அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, டிபென்ஸ் எண்டு அம்மா சொன்னவா. சுவிஸ் ஆமியிலயோ? ஆமிக்காரனுக்கு நான் பிள்ளை குடுக்கமாட்டன். எந்த நாட்டு ஆமியெண்டாலும்."

அண்ணா சிரித்துவிட்டார். "இல்லை அங்கிள், இராணுவமில்லை, ஹொக்கி. பின்னுக்கு நிண்டு மறிக்கிறது."

"கோல் அடிக்கிறேல்லையோ?"

"எப்பவாவது. தவறுதலா."

"மறிக்கிறதுக்குச் சம்பளமோ! கலியாணம் கட்டின நாளிலயிருந்து என்ர மனிசி என்னை மறிக்கிறா, ஒரு சதம் வரேல்லை."

எல்லோரும் சிரித்தோம். அம்மா ரோல்ஸ் தட்டை நீட்டினார்.

"பிறகேன் தம்பி விட்டனீங்கள்?"

"முழங்கால், அண்ணை," என்று அம்மா முந்திக்கொண்டார்.

"தலை," என்றார் அண்ணா. "கனக்க அடி. சில நேரம் சொல்ல வந்தது வராது. இனிக் கூடுமோ குறையுமோ எண்டு டொக்டருக்கும் தெரியாது."

பெண்ணின் அப்பா தேநீரைக் குடித்து முடித்தார். "பிறகு சொல்லுறம்," என்று எழுந்தார். எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரே பொருள்தான்: வேண்டாம்.

கதவைச் சாத்தியதும் அம்மா கேட்டார்: "முழங்கால் எண்டு விட ஏலாதோ, மோனை?"

"அப்பிடியெண்டா அவள் முழங்காலுக்குத்தானே ஓமெண்டுவாள், எனக்கில்லையே," என்றார் அண்ணா.

மறுநாள் அந்தப் பெண் அண்ணாவின் அழைப்பை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. பிறகு அவரும் அழைப்பதை நிறுத்தினார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. காலையில் வழக்கம்போல நோர்தேர்ன் லைன் ரயில் பிடித்து வேலைக்குப் போனேன்.