இறங்கினால் ஈசானியம்

"...இறங்குத பக்கம்தானே வந்தேன்? பெறவு இங்க எப்படி மாப்ளே கேட்டு வந்துச்சு?"

கேட்டது என் மாமனார். அவருடைய வலது கை எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தது. கேட் பாதி திறந்து கிடந்தது. ஓரடி தாண்டினால் தெரு. ஒரு ஆட்டோ ஹாரனை அழுத்திக்கொண்டு போனது. அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய் ஐந்து வருடம் ஆகிறது. நான் நாலடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. எங்கள் வீடு என்பது ஒரு பேச்சுக்கு. வீடு அவருடையது, தி.நகரில் ஜவுளிக்கடை நடத்தியபோது கட்டியது. நான் அந்தக் கடையில் சேலைப் பிரிவில் நின்றவன். முதலாளி மாமனார் ஆனார், நான் வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுச் சுவரில் கேட்காமல் ஒரு ஆணி அடித்தவனில்லை நான்.

வீட்டுக்குக் கிழக்கே நீளமாக ஒரு புல்தரை. அதன் தெற்கு முனையில் கேட்டும் தெருவும். வடக்கே மதில். வீடு கட்டும்போதே தரை ஈசானிய மூலைக்கு, அதாவது வடகிழக்குக்குச் சரிய வேண்டும் என்று கூடவே நின்று சரிய வைத்தார். மழைத் தண்ணீர் அந்த மூலைக்குப் போனால்தான் வாஸ்து சரியாம். மதிலடியில் ஒரு ஓட்டை விட்டிருந்தார். தண்ணீர் அது வழியாகப் வேறொருவருடைய பின்மனையில் நின்ற தென்னைகளுக்குப் போய்விடும்.

பார்வை போன பிறகு அவர் தனியாக நடந்த ஒரே இடம் அந்தப் புல்தான். செருப்பைப் பக்கவாட்டு வாசற்படியில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு இறங்கி, மதில் வரை போய், சங்குப்பூக் கொடியைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். சாயங்காலம் இருபது நடை. கொடிக்குத் தப்பாமல் போய்ச் சேருவார். அடியை எண்ணி நடக்கிறார் போல என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். ஆரம்பத்தில் ஒருநாள் நான் கையைப் பிடிக்கப் போனேன். உதறிவிட்டுச் சொன்னார்: "மாப்ளே, நீங்க கையப் புடிச்சா நான் குருடன். விட்டா, கண்ணாடிய எங்கயோ வச்சிட்டுத் தேடுதவன்." மனிதர் பேச்சில் எப்போதும் இப்படி ஒரு வெட்டு இருக்கும். அதற்காகவே அவரிடம் திட்டு வாங்கலாம்.

அப்புறம் பின்மனைத் தென்னைகள் போயின. மண் லோடு லோடாக வந்து இறங்கியது. நெஞ்சு உயரத்துக்கு மேடாக்கி, அதன்மேல் அடுக்குமாடி எழுப்பினார்கள். எங்கள் மதில் ஓட்டை மண்ணுக்குள் புதைந்தது. அதோடு விட்டதா? அவர்கள் தரை முழுக்க சிமெண்டுக் கல் பதித்திருந்தார்கள். அங்கே விழுகிற மழையும் மதிலைத் தாண்டி எங்கள் புல்லுக்கு வந்தது. அந்தக் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், காப்பியெல்லாம் கொடுத்தார். "சார், நாங்க அனுப்பலை. அது தானா வருது," என்றார்.

ஐப்பசி மழையில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. வாளியால் இறைத்தேன். மோட்டார் வைத்துப் பார்த்தேன். காலையில் இறைத்தால் மாலையில் அதே அளவுக்கு நிற்கும். புல் மஞ்சளாகி, அழுகி, பாசி பிடித்தது. மாமா ஒருநாள் கேட்காமல் இறங்கி, வழுக்கி, உட்கார்ந்துவிட்டார். அடி இல்லை. ஆனால் என் மனைவி வாசற்படிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் கூடத்துக்குள்ளேயே நடந்து பார்த்தார். நாலு நாளில் முழங்காலெல்லாம் காயம். "சோபா என்னைய நடத்துது," என்று சொல்லிவிட்டு நடப்பதையே விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். சாப்பாடும் குறைந்தது.

கொத்தனார் வந்து பார்த்தார். பட்டினப்பாக்கத்துக்காரர். மதிலையும் தெருவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"இன்னா சார், மலையடிவாரத்துல குடியிருந்துக்கினு தண்ணி வருதுன்றீங்க? பின்னாடியும் மேடு, ரோடும் மேடு. நடுவுல நீங்க குட்டை கட்டி வச்சிக்கீறீங்க."

"என்ன பண்ணலாம்?"

"சாய்ப்பைத் திருப்பணும். இந்த மூலைய ஏத்தி, கேட்டாண்ட எறக்கி, ஒரு பைப்பப் போட்டுத் ரோட்டுக்குக் கீழ போற கால்வாய்ல வுட்டுட்டா வேலை முடிஞ்சிச்சி."

"ஈசானியத்தை உயர்த்துறதா? மாமா ஒத்துக்க மாட்டாரே."

"தண்ணியாண்ட போயி ஈசானியம்னு சொல்லிப் பாருங்க சார், கேக்குதான்னு."

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க," என்றாள். "உங்க அப்பா. நீதான் சொல்லணும்." "உங்க முதலாளி. நீங்கதான் சொல்லணும்." கடைசியில் யாரும் சொல்லவில்லை. அடையாற்றில் இருக்கும் கொழுந்தியாள் வீட்டில் பேத்திக்குக் காது குத்து வந்தது. மாமாவை ஒரு வாரம் அங்கே விட்டோம். அந்த ஒரு வாரத்தில் செம்மண் கொட்டி, மூலையை ஏற்றி, கேட்டுப் பக்கம் இறக்கி, மேலே பாய் பாயாகப் புதுப் புல் பதித்து முடித்தாயிற்று.

அவர் திரும்பி வந்த அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நானும் மனைவியும் குடையோடு நின்று பார்த்தோம். தண்ணீர் கேட்டைப் பார்த்து ஓடி, பைப்புக்குள் இறங்கி, அரை மணியில் காணாமல் போனது. நாங்கள் இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டோம். "அப்பா, புல்லு மாத்தியாச்சு. நாளைக்கு நடங்க," என்றாள். புல் மாற்றியதைச் சொன்னாள். சாய்ப்பு மாற்றியதைச் சொல்லவில்லை. கண்டுபிடித்துக் கேட்டால் சொல்வதற்கு நான் ஒரு ஜோசியரிடம் போய் ஈசானியத்துக்குப் பரிகாரமெல்லாம் விசாரித்து வைத்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் இறங்கினார். புல்லைக் காலால் அழுத்திப் பார்த்து, "நல்லாருக்கு, மெத்து மெத்துன்னு," என்றார். எப்போதும் போல நடுவரைக்கும் வந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, காலை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து விறுவிறுவென்று நடந்தார். மதிலைப் பார்த்து அல்ல. கேட்டைப் பார்த்து. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. இன்றைக்குத் தெருப் பக்கம் போகிறார் போல என்று பின்னாலேயே போனேன். கொடியைத் தொடக் கையை நீட்டினார். கையில் இரும்பு தட்டியது. அந்த நேரத்தில்தான் ஆட்டோக்காரன் ஹாரனை அழுத்தினான். அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. இத்தனை நாள் அடியை எண்ணி அல்ல, தரை இறங்குகிற பக்கத்தைக் காலால் பார்த்துத்தான் நடந்திருக்கிறார்.

வாஸ்துவுக்குப் பதில் வைத்திருந்தேன். அவர் வாஸ்துவைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"மாமா," என்றேன். "தரையைத் திருப்பிட்டோம். தண்ணி நிக்கக் கூடாதுன்னுதான். இப்ப இறங்கினா கேட்டு வரும். ஏறினாத்தான் மதிலு."

"ஏறினாவா?"

"ஆமா மாமா."

பழையபடி திருப்பிவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். திருப்பினால் குட்டைதான், அதில் எப்படி நடப்பார்? புதிதாகப் பழகிக்கொள்ளலாம் என்று சொல்லலாமா என்றும் தோன்றியது. எண்பத்திரண்டு வயதுக்காரரிடம் அதை எந்த முகத்தோடு சொல்ல?

அவர் வலது காலைப் புல்லில் தேய்த்தார். பின்னால் ஒருமுறை, முன்னால் ஒருமுறை. பிறகு கம்பியை விட்டார். என் பக்கம் திரும்பாமலே, இடது கையை என் குரல் வந்த திசையில் பின்னால் நீட்டினார், நான் பிடித்துக்கொள்ள.