அடுப்புல போன மிதிபலகை

இன்னாடி கனகா சொல்ற, உன் மருமகன் காயலாங்கடையில இருந்து துருப்புடிச்ச மெஷினு ஒண்ண ஏத்தியாந்து வூட்டுக்குள்ளயே இறக்கிட்டானா? அதுக்கா உன் பொண்ணு அழுவறா? அழுவ வேணாம்னு சொல்லு. துடைக்கட்டும், எண்ண போடட்டும், கைக்கு வேல இருந்தா சாராயக்கடைப் பக்கம் போவமாட்டான். அதுல கழட்டற பழைய கட்ட எதையும் அடுப்புல மட்டும் வெக்க வேணாம்னு சொல்லு.

ஏன்னா கேக்கற? சிரிக்கக்கூடாது. பேய் பிசாசெல்லாம் நான் நம்பாதவ. மாமியா கட்டிவுட்ட தாயத்துக் கயித்த அவுத்து கோழி காலக் கட்டினவ நானு. அப்பிடியாப்பட்டவளுக்கே நடந்துச்சு.

எங்கூட்டுக்காரரு அப்ப திருப்பத்தூருக்குப் புளி ஏத்திக்கினு போற லாரி ஓட்டறாரு. அங்க ஒரு பட்டறைய மூடறாங்கனு, கால்ல மிதிச்சு ஓட்டற பழங்காலத்து லேத்த, அதான் இரும்பு கடையற மெஷின, பழைய இரும்பு வெலைக்கு வாங்கி, காலி லாரியில போட்டு மலைக்குக் கொண்டாந்துட்டாரு. அதால ஒரு வேலையும் இல்ல, சும்மா ஆச. ஞாயித்துக்கெழம ஆனா கொட்டாயில குந்திக்கினு மண்ணெண்ணெயும் செங்கத்தூளும் போட்டு தேய்ப்பாரு. ஊரே அத என் சக்களத்தின்னுச்சு. எனக்கும் அது பளபளன்னு ஆவறது புடிச்சிதான் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

அதுக்கு அடியில மிதிக்கறதுக்கு ஒரு பலகை. எவன் எத்தினி வருஷம் மிதிச்சானோ, இடது பக்கமா ஒரு பாதம் அளவுக்குத் தேஞ்சி பள்ளமா இருந்துச்சு. எண்ண போட்டு திரும்பப் பூட்டணும்னு அவரு கழட்டி கூரையோரம் சாத்தி வெச்சாரு. மழக்காலம், வெறகெல்லாம் ஈரம், பெரியவன் கைக்கொழந்த, வெந்நி வெக்கணும். நான் அத எடுத்து அடுப்புல வெச்சிட்டேன். எண்ண குடிச்ச கட்ட, இன்னா எரி எரிஞ்சுதுன்ற. அவரு வந்து கேட்டப்ப, கரையான் அரிச்சிருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னுட்டேன். பாவம், வேங்க மரத்துல புதுசா ஒண்ணு இழைச்சுப் பூட்டினாரு.

அப்புறம் ஆயுத பூச வந்துச்சு. அன்னிக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாதுன்னு, சக்கரத்துல இருந்து, அத சுத்தவெக்கற தோல் வாரைக் கழட்டி ஆணியில மாட்டிட்டாரு. அருவா, கத்தி, ஸ்பேனரெல்லாம் கழுவி முன்னால வரிசையா வெச்சிட்டு, பொரியும் பூசணிக்காயும் வாங்க சந்தைக்குப் போனாரு. பட்டப்பகல். நான் எண்ண தேச்சி முழுகி, முடிய விரிச்சி நுனியில மட்டும் ஒரு முடிச்சு போட்டுக்கினு, கொழந்தைய வூட்டுல தூளியில போட்டுட்டு கொட்டாய்க்குப் போனேன். ஆடு வந்து பூவத் தின்னுடுமேனு கதவ உள்பக்கம் தாப்பா போட்டேன். அதான் நான் பண்ண தப்பு.

மிதிபலகை பூரா மஞ்சளக் கரைச்சிப் பூசினேன். குனிஞ்சி பல்சக்கரத்துக்குக் குங்குமம் வெக்கறேன், நுனி முடிச்சு ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல வுழுந்துச்சு. இழுக்கறேன், வரல. சக்கரம் ஒரு பல்லு திரும்புச்சு. வாரு ஆணியில தொங்குது கனகா, வாரு இல்லாம அது எப்பிடித் திரும்பும்? இன்னொரு பல்லு. இன்னொண்ணு. சத்தமே இல்ல, நிதானமா என்ன இஸ்துக்கினே போவுது. கன்னம் இரும்புல ஒட்டிக்கிச்சு. கத்தினா யாருக்குக் கேக்கும், கேட்டாலும் கதவு உள்ள சாத்தியிருக்கு. எட்டி அருவாள எடுத்து முடிய அறுத்துக்கலாம்னு பாக்கறேன், ஒரு வெரக்கட எட்டல. அந்த நேரம் பாத்து புள்ள எழுந்து கத்தறான், தூளி ஆடற சத்தம் கேக்குது. அவன் வுழுந்தா தூக்க ஆளில்ல. மண்டத் தோலு பிஞ்சி வர்ற மாதிரி வலி.

அப்ப இன்னா தோணுச்சோ, வாய் தானா பேசுச்சு. "யாரு காலு வெச்ச பலகையோ தெரியாது சாமி. கரையான் அரிக்கல, நாந்தான் அடுப்புல வெச்சேன். புள்ள அழுவுது, வுட்டுடு."

சக்கரம் நின்னுச்சு. கீழ மிதிபலகை கிர்ருனு ஒரு தபா அழுந்தி எழுந்துச்சு. சக்கரம் பின்னால சுத்தி, முடிச்சு அப்பிடியே கழண்டு வந்துச்சு, ஒரு முடி அறுவல. நான் தாப்பாளத் தொறந்துக்கினு ஓடினேன் பாரு, புள்ளையத் தூக்கினப்புறந்தான் மூச்சு வுட்டேன்.

நம்பு, நம்பாட்டி போ. அவரு வந்து பாத்துட்டு, "பூசைக்கு வெச்ச பலகையில யாருடி கால வெச்சது?"ன்னாரு. மஞ்சள்ல அஞ்சு வெரலும் குதிகாலும் பதிஞ்சிருக்கு. இடது காலு, ஆம்பளக் காலு. இவரு மிதிக்கறது வலது காலு. எனக்கு இன்னா தெரியும்னுட்டேன். பலகைய எரிச்சத இன்னி வரிக்கும் அவருகிட்ட சொல்லல, நீயும் சொல்லிடாத.

இப்ப அவருக்கு முட்டிக்கால் போயி அத மிதிச்சே பல வருஷம் ஆவுது. வாரு கூட ஆணியிலதான் தொங்குது. நாந்தான் வாரத்துக்கு ஒருக்கா துடைக்கறேன். புதுசா போட்ட அந்த வேங்கப் பலகையில, இடது பக்கம், பள்ளம் வுழுவுது. போன வருஷம் வெரலு வெச்சாத்தான் தெரிஞ்சுது. நேத்து துடைக்கும்போது என் உள்ளங்கையே அதுல அடங்கிப்போச்சு, அதுவும்...

அடச்சீ, சூ, சூ! காயப்போட்ட சாமை பூராத்தையும் கோழி கிளறுது பாரு. இரு, தொரத்திட்டு வர்றேன்.