எவாந்தியாவுக்கு எலும்பெடுப்பு

அன்றைக்கு மட்டும் அனெஸ்டிஸ் வண்டியை மெதுவாக ஓட்டினார். மற்ற நாளில் அந்தக் கறுப்பு வேன் ஏதென்ஸை விட்டுக் கிளம்பினால் கொரிந்து வரைக்கும் மூச்சு விடாமல் பறக்கும். அன்றைக்கு ஆரஞ்சு ஏற்றிய லாரிகள்கூட அவரை முந்திக்கொண்டு போயின. ஒரு லாரிக்காரன் கண்ணாடியை இறக்கி, "என்ன பெருசு, சவ ஊர்வலமா?" என்று கத்திவிட்டுப் போனான். தெரியாமல்தான் சொன்னான், பாவி. ஆனாலும் அனெஸ்டிஸ் வேகத்தை இன்னும் குறைத்தார்.

பின் இருக்கையில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். யென்ஸ், கிர்ஸ்டன் என்று பெயர். தனி வண்டி, ஒருநாள் பயணம். காலையில் மைசீனியின் இடிபாடுகள், மதியம் நாஃப்பிளியோவில் கடலோரச் சாப்பாடு, இருட்டுவதற்குள் ஹோட்டல். பிப்ரவரி மழையில் இப்படி ஆள் கிடைப்பதே பெரிது. ஆனால் அனெஸ்டிஸ் இந்தச் சவாரியை எடுத்துக்கொண்டது பிழைப்புக்காக அல்ல. அதே நாளில், அதே நாஃப்பிளியோவில், அவருடைய மனைவி எவாந்தியாவின் குழியைத் தோண்ட நாள் குறித்திருந்தார்கள்.

அந்த நாட்டு வழக்கப்படி, கல்லறையில் மூன்று வருடம் படுத்தாயிற்று என்றால் இடத்தை அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். குழியைத் திறந்து எலும்பை எடுப்பார்கள். சிவப்பு ஒயினில் கழுவித் துடைத்து, பெயரெழுதிய தகரப் பெட்டியில் அடுக்குவார்கள். மண்டையோட்டை நெருங்கிய சொந்தம் கையில் வாங்கி முத்தமிட வேண்டும். எலும்பு சுத்தமாக வந்தால் போனது நல்ல ஆத்மா. உடம்பு கரையாமல் கிடந்தால் ஊர் வாய் திறந்துவிடும். என்ன பாவம் செய்தாளோ, யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாளோ என்று மீன் கடை வரைக்கும் பேச்சு போகும்.

எவாந்தியா கரைந்திருக்க மாட்டாள். அது அனெஸ்டிஸுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் தனியாகப் போகத் துணிவில்லாமல் சவாரியோடு கிளம்பினார். வண்டியில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் பிடித்து நிறுத்த முடியாது. டிரைவர்களுக்கு இருக்கிற ஒரே கௌரவமான சாக்கு அது.

அனெஸ்டிஸ் பிறந்தது நாஃப்பிளியோவுக்குப் பக்கத்தில் நேயா கியோஸில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு. கடல் தாண்டி அகதிகளாக வந்த அவருடைய முன்னோர்களுக்கு வேறு யாரும் வேண்டாத அந்த நிலத்தைத்தான் கொடுத்தார்கள். அந்த ஊர்ச் சுவர்கள் கோடையிலும் வேர்க்கும். எவாந்தியாவோ நாஃப்பிளியோவின் மேட்டுத் தெருக்காரி. வெயில் விழுகிற வீட்டில் வளர்ந்தவள். ஆரஞ்சு லாரி ஓட்டிக்கொண்டிருந்த இவரை நம்பி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். வீட்டார் யாரும் கல்யாணத்துக்கு வரவில்லை.

வந்த நாள் முதல் அவளுக்கு ஈரத்தோடுதான் சண்டை. சுவருக்கு வருடம் இரண்டு தடவை சுண்ணாம்பு அடிப்பாள். துளி வெயில் எட்டிப் பார்த்தால் போதும், மெத்தையும் கம்பளியும் பால்கனிக்குப் போய்விடும். பிறகு இருவரும் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸுக்குக் குடி போனார்கள். அவர் டாக்சி ஓட்டினார். கிடைத்த வீடு பாதி தரைக்குக் கீழே. அங்கேயும் மூலைகளில் பூசணம் பூத்தது. "அடுத்த வருஷம் மேல் மாடிக்குப் போயிடலாம்டி" என்பார். "போலாம், போலாம், முதல்ல அந்தச் சுண்ணாம்பு வாளியை எடு" என்பாள். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. அவர் புது வேன் வாங்கிய குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, அது நுரையீரலில் இறங்கி, ஆளைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவர் யாரையோ ஏற்றிக்கொண்டு டெல்ஃபியில் இருந்தார்.

நாஃப்பிளியோவில் தன் அப்பா பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. புதைத்த அன்றும் மழைதான். குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வெட்டியான் வாளியால் இறைத்துக்கொண்டிருந்ததை அனெஸ்டிஸ் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஈரத்துக்குப் பயந்தவளை அந்தத் தண்ணீரிலா இறக்குவது? அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. உடல் வைத்திருந்த சிற்றாலயத்திலிருந்த எல்லாரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். புது வேனின் இருக்கைகளைச் சுற்றி வந்த கெட்டி நைலான் உறை பின்பெட்டியில் இருந்தது. அதை எடுத்து வந்து அவளைத் தோளிலிருந்து பாதம் வரை இறுகச் சுற்றினார். மேலே துணியைப் போர்த்தி, அதன்மேல் பூவைப் பரப்பினார். நைலான் கூடாது, பருத்தி மட்டும்தான் என்று அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தார்.

கொரிந்துக்கு முன்னாலேயே போன் வந்துவிட்டது. எவாந்தியாவின் அக்கா பொலிக்ஸெனி. துறைமுகச் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெறாதது அவள் வாய் மட்டும்தான்.

"எங்க இருக்க?"

"இன்னும் கொரிந்து தாண்டல மதினி. நல்ல மழை."

"எனக்கு மட்டும் வெயிலா அடிக்குது? ஜெபம் சொல்ல சாமி மதியானம் வந்துடுவாரு. உன் முகத்தைப் பார்த்துட்டு அவரு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்க மாட்டாரு."

"வண்டில ஆளுங்க இருக்காங்க மதினி."

"உன் வண்டில என்னிக்குத்தான் ஆளு இல்ல? அவ சாவும்போதும் இருந்தாங்களே!"

போன் கட்டாயிற்று. அனெஸ்டிஸ் கொரிந்துக் கால்வாய்ப் பாலத்தருகே வண்டியை நிறுத்தினார். ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே யாரையும் நிற்க விடாத மனிதர், அன்றைக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். குச்சியில் சுட்ட இறைச்சி வாங்கிக் கொடுத்தார். பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் ஒரு படம் என்று அவரே எடுத்தும் கொடுத்தார். டென்மார்க் தம்பதிக்கு ஒரே மகிழ்ச்சி. இப்படியொரு டிரைவரா என்று பேசிக்கொண்டார்கள்.

மைசீனியில் டிரைவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது. அது வழிகாட்டிகளின் ராஜ்ஜியம். "அவசரமே இல்ல, நிதானமா சுத்திப் பாருங்க, அந்தப் பெரிய ராஜா கல்லறையையும் விட்டுடாதீங்க" என்று குடையைக் கொடுத்து அனுப்பிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். மழை வலுத்து அவர்களைச் சீக்கிரமே திருப்பி அனுப்பிவிட்டது. வானத்துக்கும் அவர்மேல் இரக்கமில்லை.

கிர்ஸ்டன் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "அவ்வளவு பெரிய கல்லறை, உள்ளே ஒண்ணுமே இல்லையே! அந்த ராஜா என்ன ஆனாரு?"

"எடுத்துட்டாங்கம்மா. எந்தக் காலத்துலயோ."

"பாவம், நிம்மதியா தூங்க விட்டிருக்கலாம்."

"எங்க ஊர்ல யாரையும் தூங்க விடமாட்டோம்மா" என்றார் அனெஸ்டிஸ். அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள்.

போகிற வழியில் நல்ல ஒயின் தோட்டம் இருக்கிறது, பார்க்கலாமா என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். யென்ஸ் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "பசிக்குது அனெஸ்டிஸ், நேரா மீனுக்குப் போங்க." அதோடு சாக்குகள் தீர்ந்தன.

நாஃப்பிளியோவில் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. நடுவில் நிற்கும் சின்னக் கோட்டை மழையில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. கரையோரக் கடையில் இருவரையும் உட்கார வைத்து, மீனும் கீரையும் சொல்லிவிட்டு, "ஒரு சின்ன வேலை, வந்துடறேன்" என்று கிளம்பினார். கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. எல்லாம் முடிந்திருக்கும், பொலிக்ஸெனி திட்டுவாள், திட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் உள்ளே நடந்தார். முடிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் நடந்தார்.

முடியவில்லை. குழி திறக்கப்படவே இல்லை. பாதிரியார் ஜெபத்தை முடித்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்துக் கல்லறையின் பளிங்கு விளிம்பில் பொலிக்ஸெனி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துண்டு, காலடியில் பேசின், அதற்குள் ஒயின் பாட்டில். சைப்ரஸ் மரத்தடியில் வெட்டியான் லாம்ப்ரோஸ் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னை விட்டுட்டு ஆரம்பிச்சிருக்கலாமே மதினி."

"ஆரம்பிச்சிருக்கலாம்தான்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "லாம்ப்ரோஸும் கேட்டுக் கேட்டு ஓஞ்சுட்டான். எனக்குத்தான் தனியா பார்க்கப் பயம். நீ வரட்டும்னு உட்கார்ந்துட்டேன்."

பொலிக்ஸெனிக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதே அனெஸ்டிஸுக்குப் புதுச் செய்தி. லாம்ப்ரோஸ் சிகரெட்டை மிதித்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

ஈர மண் லேசில் வரவில்லை. சவப்பெட்டியின் உளுத்த பலகைகள் தெரிந்ததும் லாம்ப்ரோஸ் குழிக்குள் இறங்கி, தலைமாட்டில் கையாலேயே சேற்றை விலக்கினான். அப்புறம் அப்படியே நின்றுவிட்டான். மேலே பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"கரையலம்மா" என்றான்.

பொலிக்ஸெனி எழுந்து குழியருகே வந்தாள். சேற்றிலேயே மண்டியிட்டாள். துண்டு எங்கேயோ விழுந்தது.

"நான்தான்" என்றாள். "என் வாய்தான் அவளை இப்படிப் போட்டு வச்சிருக்கு. உங்க கல்யாணத்தன்னிக்கு, அவ வாசப்படி இறங்கும்போது, தெருவே பார்க்கக் கத்தினேன். மண்ணு கூட உன்னைத் தின்னாதுடின்னு. அந்தச் சேத்து ஊருக்குப் போறியேங்கற கோபத்துல. அவ திரும்பி ஒரு பார்வை பார்த்தா. அப்புறம் எத்தனையோ தடவை வந்தா, போனா, சாப்பிட்டா. ஒரு நாளும் அதைப் பத்திப் பேசல. நானும் மன்னிப்புக் கேக்கல. பாரு, பலிச்சிடுச்சு பாரு!"

இந்தச் சாபத்தைப் பற்றி எவாந்தியா அனெஸ்டிஸிடம் மூச்சு விட்டதில்லை. கேட்டதும் அவருக்குக் கோபம் வரவில்லை. மூன்று வருடமாகத் தன்னைப் போலவே இன்னொருத்தியும் இந்த நாளை நினைத்து நடுங்கியிருக்கிறாள் என்பதுதான் உறைத்தது.

லாம்ப்ரோஸ் நல்ல மனம் உள்ளவன். "அப்படியெல்லாம் இல்லம்மா. இப்பல்லாம் மருந்து நிறைய சாப்பிடறாங்க, அதான் கரையறதில்ல. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! மூடிடறேன். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டும்" என்றபடி மண்வெட்டியைக் கையில் எடுத்தான். அவன் பார்த்தது தலையை மட்டும்தான். கழுத்துக்குக் கீழே சேறு மூடியிருந்தது.

மூடிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. எவாந்தியா இரண்டு வருடம் கழித்தும் இப்படியேதான் இருப்பாள், இருபது வருடம் கழித்தும். பொலிக்ஸெனி தன் வாயைச் சபித்துக்கொண்டே சாவாள். அனெஸ்டிஸின் சட்டைப் பையில் போன் அடித்தது. கடையிலிருந்து யென்ஸ். காலையிலிருந்து அவர் காத்திருந்த சாக்கு, வேண்டிய நேரத்தில் சரியாக வந்து நின்றது. அது அடித்து ஓயும்வரை விட்டார்.

"மூடாதேப்பா" என்றார். "மருந்துமில்ல, சாபமுமில்ல. சேத்தைக் கொஞ்சம் கீழ வரைக்கும் தள்ளு. நைலான் இருக்கும். நான்தான் சுத்தினேன்."

லாம்ப்ரோஸ் தள்ளிப் பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்று அவன் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. நைலானில் உடம்பு கெட்டிப்பட்டால் தலையும் அப்படியே நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஏன்யா?" என்றாள் பொலிக்ஸெனி.

"குழில தண்ணி நின்னுச்சு மதினி. அவளுக்கு ஈரம் ஆகாதே."

அவள் எழுந்து வந்து அவர் நெஞ்சில் குத்தினாள். ஒரு குத்து இல்லை, கை ஓய்கிற வரைக்கும் குத்தினாள். "முட்டாப் பயலே, மூணு வருஷமா எனக்குத் தூக்கம் இல்லடா!" என்றாள். பிறகு அதே சட்டையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே முகத்தை வைத்து அழுதாள். அவரும் அழுதார். எவாந்தியாவைப் புதைத்த அன்றைக்குக்கூட இருவரும் ஆளுக்கொரு மூலையில்தான் நின்றிருந்தார்கள்.

நைலானைக் கழற்றாமல் மூடுவதில் அர்த்தமில்லை என்றான் லாம்ப்ரோஸ். கத்தியை அனெஸ்டிஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். அறுபதைத் தாண்டிய உடம்போடு குழிக்குள் இறங்கினார். கணுக்கால் வரை தண்ணீர். முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. பாதத்திலிருந்து தொடங்கி, அவளுக்கு வலித்துவிடும் என்பது போல மெல்ல மெல்ல அறுத்தார். தோள் வரைக்கும் உறையை உரித்து மேலே வீசினார். மழை நேராக அவள் துணியில் விழ ஆரம்பித்ததும் அவர் கை தானாகக் கோட்டைக் கழற்றி அவள்மேல் பிடித்தது.

"அதை எடுங்கய்யா" என்றான் லாம்ப்ரோஸ் மேலிருந்து. "நனையட்டும். நனைஞ்சாத்தான் கரைவாங்க."

உயிரோடு இருந்தவளுக்கு ஈரமில்லாத ஒரு வீட்டைக் கொடுக்க அவருக்கு வக்கில்லை. செத்த பிறகுதான் கொடுத்தார். இப்போது அதையும் தன் கையாலேயே பிடுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்குப் புதைத்தபோது வலிக்காதது இன்றைக்கு வலித்தது. கோட்டை எடுத்தார். அவள் நனைந்தாள்.

மேலே ஏறி வந்ததும் மண்வெட்டியைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். முதல் மண்ணை அவரே தள்ளினார். இந்தத் தடவை நடுவில் எதுவும் இல்லை. அது அவள்மேலேயே விழுந்தது.