ஒரு கால் குறைந்த பலகை

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது கொஞ்சம் கௌரவம்.

அரசாங்கம் எங்கள் லயத்துக்கு, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் தோட்ட வீடுகளுக்கு, ஒரு புகலிடம் தந்திருக்கிறது என்று நான் நம்பினேன். கட்டடம் எதுவும் இல்லை. ஒரு பலகைதான். ஆனாலும் நம்பினேன்.

நோர்வூட் டவுனிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், லயத்துக்குச் சற்று மேலே ஒரு வட்டம் இருக்கிறது. கொழுந்து லொறி திரும்புவதற்காகத் தோட்டக் கொம்பனி மேட்டை வெட்டி அகலப்படுத்திய இடம். கூட்டம் போடலாம், கிரிக்கெட் ஆடலாம், அவ்வளவு விசாலம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு டபுள் கெப் வண்டியில் நாலு பேர் வந்தார்கள். இரண்டு இரும்புக் காலில் ஒரு மஞ்சள் பலகையை நட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்கள்.

பலகையில் மூன்று மொழி. மேலே சிங்களம். எனக்குச் சிங்களம் பேச வரும், சண்டை பிடிக்கவும் வரும், வாசிக்க வராது. கீழே ஆங்கிலம். நட்ட மறுநாளே அதன்மேல் யாரோ போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். என்ன போஸ்டர் என்கிறீர்கள்? ஆங்கில டியூஷன் போஸ்டர்.

நடுவில் தமிழ். கொட்டை எழுத்தில் —

'மண்சரிவு அபய வலயம்.'

அபயம்! கோயிலில் சாமி உள்ளங்கையைக் காட்டுமே, 'பயப்படாதே, நான் இருக்கிறேன்' என்று... அந்த அபயம். மண் சரிந்தால் இங்கே வாருங்கள் என்று அரசாங்கம் கையைக் காட்டுகிறது. இருநூறு வருஷமாக மலையில் கிடக்கிறோம், முதல் தடவையாக நிற்க ஓர் இடம் சொல்லியிருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது.

நான் டவுனில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருப்பவன். கலியாணக் கார்டு அடிக்க வருகிறவர்களிடம், மாப்பிள்ளை பெயரில் ஒற்று விடுபட்டிருக்கிறது என்று தாலி கட்டும் முன்பே சண்டை பிடிக்கிறவன். அப்படிப்பட்ட நான் அந்தப் பலகையை நாளுக்கு இரண்டு தடவை, போகும்போதும் வரும்போதும் வாசித்தேன். பிழை கண்ணில் படவில்லை. நல்ல செய்தியில் யார் எழுத்துப்பிழை பார்க்கிறார்கள்?

லயம் முழுக்கச் செய்தியைப் பரப்பியதும் நான்தான். பன்னிரண்டு காம்பராவிலும் சொன்னேன். கடைசிக் காம்பரா பூமணி அக்காவுக்கு மட்டும் சந்தேகம். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்து, இரண்டு முழங்காலையும் மலைக்கே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர். வாய் மட்டும் இன்னும் வேலைக்குப் போகிறது.

"ஏன் தம்பி, வெட்டுன மேட்டுக்கு அடியிலயா நம்மள நிக்கச் சொல்றாங்க?"

"படிச்சவங்க அளந்து பாத்துத்தான் நட்டுருப்பாங்க அக்கா."

"ஆமாமா. படிச்சவங்க."

அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இப்போதுதான் புரிகிறது.

மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் பிற்பகல் வீட்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தலைக்கு மேலே 'டமார்' என்று ஒரு சத்தம். தகரக் கூரையில் ஆனைக்கொய்யாப் பழம் ஒன்று விழுந்திருக்கிறது. அது பிற்பாடு தெரிந்த விஷயம். அந்த நிமிஷத்தில் நான் எடுத்த முடிவு: மலை விழுகிறது.

"எல்லாரும் வெளிய வாங்க! அபயத்துக்குப் போங்க!"

என்னிடம் எப்போதும் ஓர் அவசரப் பை தயாராக இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு பக்கெட் பிஸ்கட், டீவி ரிமோட் ஆகியன இருந்தன. டீவி வீட்டில் இருந்தது. மனைவி செல்வராணியும் வீட்டில் இருந்தாள்.

"என்னங்க, என்னையும் அந்தப் பையில போட்டுருக்கலாமில்ல?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

பூமணி அக்காவால் நடக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தோம். வட்டத்தில் எல்லாரும் குடை, கொங்காணி என்று தலையில் போட்டுக்கொண்டு நிற்க, அக்காவுக்கு மட்டும் நான் இடம் தேடினேன். மேட்டோடு ஒட்டி, காற்று படாத இடம். பலகைக்கு நேர் கீழே. இருப்பதிலேயே நல்ல இடம் அதுதான்.

சற்று நேரத்தில் கீழேயிருந்து பாட்டு கேட்டது. பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்க வரும் பாண் ஓட்டோ! கீழ்க் கிராமத்து விமலசேன தினமும் மூன்று மணிக்குப் பாணும் பணிஸும் கொண்டு வருவார். அன்றும் அப்படித்தான் வந்தார். ஆனால் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு:

"பாத்தியா... பாணும் அனுப்பிட்டாங்க!"

விமலசேன ஓட்டோவை நிறுத்தினார். எங்களைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார்.

"மொகத மே?" இது என்ன என்கிறார்.

இது எங்கள் பாதுகாப்பு வலயம், அரசாங்கம் தந்தது என்று சிங்களத்தில் பெருமையாகச் சொல்லிப் பலகையைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்குச் சிங்களம் வாசிக்க வராது. இரண்டு பேரும் ஒரே பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அவதானம் கியலா தியென்னே!" என்றார். அவதானம் என்று போட்டிருக்கிறதாம்.

"ஓவ், ஓவ்," என்றேன். ஆமாம், அவதானமாகத்தானே நிற்கிறோம்! தமிழில் நமக்கு அவதானம் என்றால் கவனம். சிங்களத்தில் அவதானம் என்றால் ஆபத்து. இந்த வித்தியாசத்தை நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் பொறுமை இழந்து, போய் டியூஷன் போஸ்டரைக் கிழித்தார். அடியில் சிவப்பில் இருந்தது டேஞ்சர்.

அது அபய வலயம் அல்ல. அபாய வலயம். 'பா'வில் கால் விடுபட்டுவிட்டது. ஒரே ஒரு துணைக்கால்.

இருபது வினாடியில் வட்டம் காலியானது. நான் முதலாவதா இரண்டாவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பின்னாலிருந்து ஒரு குரல்:

"டேய்! தூக்கிட்டு வந்தவனே... தூக்கிட்டுப் போடா!"

பூமணி அக்கா. நாற்காலியில். பலகைக்கு நேர் கீழே.

நான் திரும்பியது அந்தச் சத்தத்துக்குத்தான். மனச்சாட்சிக்கு என்று எழுதத்தான் ஆசை. விமலசேன அதற்குள் அவரை ஓட்டோவில் ஏற்றிவிட்டார். பணிஸ் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, பாட்டுச் சத்தத்தோடு, அக்கா லயத்துக்கு ஊர்வலமாக வந்து இறங்கினார்.

அன்று மேடு சரியவில்லை. ஆனால் அக்கா இறங்கியதும் ஒரு கேள்வி கேட்டார்.

"சரி தம்பி. அது அபாயம்னா... அபயம் எங்க இருக்கு?"

ஒரு குடிமகன் கேட்கக்கூடிய மிகச் சின்னக் கேள்வி. இதற்குப் பதில் தேடித்தான் போனேன்.

முதலில் அரசாங்க அலுவலகம். தமிழ் தெரிந்த மிஸ் லீவு. இருந்த மிஸ் சிங்களம், நல்ல மாதிரி, கதிரை போட்டு உட்கார வைத்தார். எனக்குத் துணைக்காலுக்குச் சிங்களம் தெரியவில்லை. அதனால் என்ன? கால் என்றால் ககுல. "போர்ட் எகே ககுலக் அடுய்," என்றேன். பலகையில் ஒரு கால் குறைகிறது. மிஸ் அனுதாபத்தோடு எழுதிக்கொண்டார். சிங்களத்தில் அந்த எழுத்துக் காலுக்கு 'எலபில்ல' என்று தனிப்பெயரே இருக்கிறதாம். ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். அதுவும் தாமதமாக.

மழை வந்தால் நாங்கள் எங்கே போவது என்றும் கேட்டேன். அதற்கு வேறு பிரிவாம். வேறு பிரிவில் கேட்டால், அபாயத்தை அறிவிப்பது மட்டும்தான் அவர்கள் வேலையாம். அபயத்துக்கு இன்னும் ஒதுக்கீடு வரவில்லையாம். தோட்டத்தில் கேளுங்கள் என்றார்கள்.

நம் ஊரில் கேள்வி கேட்கிறவனுக்குக் கிடைக்கும் முதல் பதில், அடுத்த அலுவலகத்துக்குப் போகும் வழி.

தோட்ட ஒபிஸில் மனேஜர் துரை இளவயசுக்காரர், மரியாதையானவர்.

"போர்ட் கவர்மெண்டோடது. நாங்க தொட முடியாது."

"மேடு யாரோடதுங்க?"

"மேடு லீஸ்ல இருக்கு."

"லீஸ் யாருக்குங்க?"

"கொம்பனிக்கு."

"அப்ப மேடு கொம்பனியோடதுங்களா?"

"காணி கவர்மெண்டோடது."

"மேட்ட வெட்டுனது யாருங்க?"

"அது எனக்கு முந்தி இருந்த துரை."

மேட்டுக்கு மேலே மழைத் தண்ணீர் வடிந்தோடும் கான்களை ஏன் வருஷக்கணக்காகத் துப்புரவு செய்யவில்லை என்றும் கேட்டேன். ஆள் பற்றாக்குறை. சரி, கோயிலுக்குப் பக்கத்தில் சமதரையில் பழைய பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடக்கிறதே... தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போன இடம், இப்போது சும்மாதானே இருக்கிறது, மழை நாளில் திறந்து விடலாமா? அதற்குக் கொழும்புத் தலைமை அலுவலகம் அனுமதி தர வேண்டும். மெயில் போட்டேன். ஒரு வினாடியில் பதில் வந்தது. இவ்வளவு வேகமா என்று சந்தோஷப்பட்டேன். 'உங்கள் கருத்து எமக்கு முக்கியமானது' என்றது. அதோடு சரி.

துரையின் தலைக்கு மேலே சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது: 'பாதுகாப்பே எமது முதல் நோக்கம்.' பழக்க தோஷத்தில் எழுத்துப்பிழை பார்த்தேன். கால், கொம்பு, சுழி எல்லாம் சரியாகவே இருந்தன.

மூன்று கிழமை கழித்து அதே டபுள் கெப் வந்தது. நான் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். முறைப்பாடு வேலை செய்திருக்கிறது! நாலு பேர் சீமெந்து குழைத்தார்கள். குழி வெட்டினார்கள். பலகையின் இரண்டு இரும்புக் காலுக்கும் நடுவில்... மூன்றாவதாக ஓர் இரும்புக் காலை நட்டார்கள்.

ககுல. கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

எழுத்தில்தான் கால் இல்லை என்று விளக்கினேன். பெயின்ட் அடிப்பது வேறு பிரிவு என்றார்கள். முறைப்பாடு தீர்ந்தது என்று கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். பலகை அவ்வளவு உறுதியாக நின்றது. மண்சரிவு அபய வலயம், மூன்று காலில்.

விஷயத்தைக் கேட்டுப் பூமணி அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கு மலை விழுந்தால் தேவலை என்றிருந்தது.

"எனக்கு ரெண்டு காலும் போச்சுன்னு பத்து வருஷமா எழுதிப் போடுறேன். ஒண்ணும் வரல. பலகைக்கு உடனே வந்துருச்சு!"

அன்று மாலையே செல்வராணி ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனாள். கையில் என் தலைமுடிக்கு வாங்கி வைத்திருந்த கறுப்புச் சாயம். 'ப'வுக்கும் 'ய'வுக்கும் நடுவில் இடமே இல்லை. நெருக்கி, மெலிதாக ஒரு கால் இழுத்தாள். இரண்டு நிமிஷ வேலை. நீரில் கரையாது என்று பக்கெட்டில் போட்டிருந்தது. என் தலையில் அது பொய். பலகையில் உண்மை.

இவ்வளவும் முடிந்த பிறகும் அக்காவின் கேள்வி அப்படியேதான் இருந்தது. அபயம் எங்கே?

அடுத்த கிழமை எங்கள் கண்டாக்கையா, அதாவது மலை வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், கடைக்கு ஒரு கடிதத்தைக் கொப்பி எடுக்க வந்தார். போகும்போது மெஷின் கண்ணாடிமேல் ஒரு சாவியை வைத்துவிட்டுப் போனார்.

"ஐயா... சாவி!"

"எந்தச் சாவி?" என்றார் திரும்பாமலே. "பிள்ளைக் காம்பராச் சாவி தொலஞ்சி போச்சுன்னு ஒபிஸ்ல சொல்லிருக்கேன். தேடிக்கிட்டு இருக்கேன். மழைக்காலம் முடியிற வரைக்கும் தேடுவேன்."

போன புதன்கிழமை மழை பிடித்தது. இந்தத் தடவை நான் கத்தவில்லை. செல்வராணிதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அதனால் எல்லாரும் நிதானமாகக் கிளம்பினார்கள். பூமணி அக்காவை அதே நாற்காலியோடு நாலு பேர் தூக்கினோம். வழியெல்லாம் "எங்கடா வைக்கப் போறீங்க, மொதல்ல அதச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மேடு சரிந்தது. பலகை மூன்று காலோடும் போய்விட்டது. மண் எங்கள் லயத்துக் கானோடு நின்றது. நான் முதல் தடவை நாற்காலியை வைத்த இடத்தில் இப்போது இரண்டு ஆள் உயரத்துக்கு மண் கிடக்கிறது.

நாற்காலி பிள்ளைக் காம்பராவில் இருந்தது. அக்கா அதில் உட்கார்ந்து, சீனி போதாது என்று தேத்தண்ணியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.