தொடக்கூடாத எட்டுப் பாட்டு

ஓணச் சாப்பாடு முடித்து வருகிற கூட்டத்தை ஆட வைப்பது எப்படி என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் ஆட வைக்காதே என்றுதான் சொல்வேன். இலை நிறையக் கறி, மூன்று பாயசம், அதற்கு மேல் ஒரு கை மோர் என்று முடித்துவிட்டு வருகிறவனிடம் வேகமான பாட்டைப் போட்டால், அவன் நாற்காலியைத்தான் தேடுவான். திருவனந்தபுரத்தில் பதினான்கு வருஷமாக டிஜேவாக இருக்கிறேன். கல்யாண ரிசப்ஷன், காலேஜ் விழா, ஐடி கம்பெனிகளின் ஓணம் என்று பார்த்த அனுபவத்தில் இதை அடித்துச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்வேன். கூட்டத்தின் முகத்தைப் பார்க்கக் கூடாது. முகம் பொய் சொல்லும், அதுவும் பக்கத்தில் மேனேஜர் நின்றால் கேட்கவே வேண்டாம். காலைப் பார்க்க வேண்டும். சத்தத்தைக் குறைவாக வைத்து, ஆட்களை அவர்கள் பாட்டுக்குப் பேச விட்டால், பேசுகிறவனின் கால் தன்னை அறியாமல் தட்ட ஆரம்பிக்கும். அந்தக் காலுக்குத்தான் அடுத்த பாட்டு. ஓப்பனிங் செட் போடுகிறவன் கூட்டத்தை எழுப்பி நிற்க வைத்துக் கொடுத்தால் போதும். ஆட வைப்பது பின்னால் வருகிற மெயின் ஆளின் வேலை.

இந்த ஞானத்தையெல்லாம் வைத்துக்கொண்டு போன வருஷம் நான் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு ஐடி கம்பெனி. அங்கே ஆறு ஓணம் தொடர்ச்சியாக மெயின் செட் நான்தான். எனக்கு முன்னால் யாராவது ஒரு புது ஆள் முக்கால் மணி நேரம் ஓப்பனிங் போடுவார். அந்த ஒரு மேடையைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் அந்த மேடை எனக்கு வெறும் ஒரு மத்தியானம் அல்ல, வருஷத்தின் பாதி.

போன வருஷம் ஓணத்துக்கு வாசலில் அத்தப்பூக் கோலம் போட ஆரம்பித்த நாளில் அந்த கம்பெனியின் எச்ஆர் அம்மா போன் செய்தார்.

"சேட்டா, ஈ வர்ஷம் சேட்டன் ஓப்பனிங் செய்தால் மதி, கேட்டோ. மெயின் செட் ஒரு பெண்குட்டி செய்யும்."

மதி என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆறு வருஷ மெயினுக்கு ஓப்பனிங் போதுமாம். நானும் சிரித்துக்கொண்டே, "அதினென்தா மேடம், சந்தோஷம்" என்றேன். போனை வைத்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். தெரியும் என்றால், இரண்டு வருஷமாக இன்ஸ்டாகிராமில் அவளைப் பின்தொடராமலே தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள், நம்ம தமிழ்ப் பெண்தான். மலையிறங்கி வந்து கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் மைக் பிடித்து ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க அக்கா, வரூ சேச்சி, நைட்டி ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ" என்ற அந்தக் குரலைக் கேட்டபடி நானே எத்தனையோ தடவை பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். அந்த நைட்டி விற்ற குரல் டிஜேவாகி, எனக்கு மேலே மெயின் செட் போடப் போகிறது. என் வயிற்றெரிச்சலை அன்றைக்கு ஒரு கிண்ணத்தில் பிடித்திருந்தால் கரமனை முழுக்க விளக்கேற்றியிருக்கலாம்.

கரமனையில்தான் எங்கள் வீடு. மனைவி கிழங்கு வேக வைத்தபடியே கேட்டாள்.

"அந்தப் பிள்ள உங்கள என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல."

"பின்னே எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?"

ஒன்றும் செய்யாததுதான் பிரச்சினை. ஏதாவது செய்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன். அவளுக்கு நல்ல குரல், நல்ல சிரிப்பு, என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. அவள் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு மாறுகிற இடத்தில் எங்கேயாவது தடுக்குகிறதா என்று தேடினேன். ஒரே ஒரு இடத்தில் லேசாகத் தடுக்கியது. அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் ஸ்பீக்கரைச் சரிபார்க்க இரண்டு பேரும் அந்த ஹாலுக்குப் போயிருந்தோம். அவள் ஓடி வந்து கும்பிட்டாள்.

"அண்ணே, நீங்க எனக்கு ஓப்பனிங் போடுறது பெரிய காரியம் கேட்டோ. எனக்குத்தான் கூச்சமா இருக்கு."

"அதுக்கென்னம்மா, வளர்ற பிள்ளைங்க வளரணும் இல்லையா? ஆல் தி பெஸ்ட்" என்றேன். குரலில் தேன் ஒழுகியது. அரை மணி நேரம் நின்று ஹாலின் எதிரொலி, ஏசி சத்தம் பற்றியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவள் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அடக்கமான பெண் என்று நினைத்து, அதற்கும் எரிச்சல் பட்டேன்.

அன்று சாயங்காலம் வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் வந்தது.

எங்கள் தொழிலில் அது ஒரு மரியாதை. ஒரே மேடையில் இரண்டு பேர் என்றால், மெயின் ஆள் ஓப்பனிங் ஆளுக்குச் சில பாட்டுகளை எழுதி அனுப்புவார். இவற்றைத் தொடாதே, எனக்கு விட்டுவை என்று அர்த்தம். ஆறு வருஷம் நானும் அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவை கொல்லத்திலிருந்து வந்த ஒருத்தன் என் பட்டியலில் ஒரே ஒரு பாட்டைத் தொட்டுவிட்டான். அவனோடு இன்றைக்கும் எனக்குப் பேச்சு கிடையாது.

அவள் அனுப்பியதில் எட்டுப் பாட்டு இருந்தது. அந்த வருஷம் எல்லா ரீல்ஸிலும் ஓடிய மூன்று, இரண்டு தமிழ்க் குத்து, இரண்டு மலையாளப் படப்பாட்டு, கடைசியில் படகுப் போட்டிக்குப் பாடுகிற வள்ளங்களி பாட்டின் ரீமிக்ஸ் ஒன்று. "அண்ணே, இந்த எட்டு மட்டும் எனக்கு விட்டுத் தந்துருங்க, ப்ளீஸ்" என்று எழுதி, கும்பிடுகிற பொம்மை வைத்திருந்தாள்.

அந்த எட்டும் போனால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். ஒன்றும் மிஞ்சாது என்று பட்டது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் கம்பெனி மைதானத்தில் வடம்வலி என்கிற கயிறிழுக்கும் போட்டி நடந்தது. அக்கவுண்ட்ஸ் ஆட்கள் ஒரு பக்கம், டெஸ்டிங் ஆட்கள் ஒரு பக்கம், நடுவில் தேங்காய்நார்க் கயிறு. நான் ஹாலின் ஏசியில் உட்கார்ந்து என் பாட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் வெயிலில் நின்று, கயிறு இழுக்கிறவர்களின் பக்கத்தில் போனை நீட்டிக்கொண்டிருந்தாள். ரீல்ஸ் எடுக்கிறாள், எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டரை மணிக்கு என் செட். கசவு வேட்டியும் செட்டும்முண்டும் உடுத்த கூட்டம் ஏப்பம் விட்டுக்கொண்டே உள்ளே வந்தது. நான் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி, எடுத்த எடுப்பிலேயே அவள் பட்டியலின் முதல் பாட்டைப் போட்டேன்.

கூட்டம் ஓவென்று கத்தியது. பத்து நிமிஷம் ஆடினார்கள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று ஒன்றையும் விடவில்லை. ஐந்தாவதில் வியர்த்தார்கள். ஆறாவதில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏழாவது ஓடும்போது சுவரோரத்து நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டன. எட்டாவதாக வள்ளங்களி ரீமிக்ஸ் போட்டபோது ஹாலின் நடுவில் இரண்டு பேரும் ஒரு குழந்தையும்தான் இருந்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. கூட்டத்தைக் காலி செய்து வைத்தாயிற்று, இனி நீ வந்து நில் என்று நினைத்தேன். பதினான்கு வருஷத்தில் என் கையால் இவ்வளவு மோசமாக ஒரு செட் போட்டதில்லை, அதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை.

அவள் மேடைக்கு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தில் கோபம் தேடினேன், அதுவும் இல்லை. சத்தத்தை அப்படியே இறக்கிவிட்டு, எதுவும் போடாமல் நின்றாள்.

நாற்காலிகளில் பேச்சு கிளம்பியது. தண்ணீர் குடித்தார்கள், விசிறிக்கொண்டார்கள். ஸ்பீக்கரில் மெதுவாக ஒரு குரல் வந்தது. "வலிக்கெடா... வலிக்கெடா..." காலையில் கயிறு இழுத்தபோது டெஸ்டிங் மேனேஜர் தன் ஆட்களைப் பார்த்து, இழுங்கடா என்று போட்ட கூப்பாடு அது. அதையே நறுக்கி, திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தாள். ஒரு மூலையில் சிரிப்பு வெடித்தது. "அது நம்முடெ சார் அல்லே!" என்று யாரோ எழுந்து நின்றார்கள். அடுத்ததாக அக்கவுண்ட்ஸ் பெண்களின் கூச்சல் வந்தது, அவர்களும் எழுந்தார்கள். இரண்டுக்கும் அடியில் ஒரு தாளத்தை, நடக்கிற வேகத்தில், சேர்த்தாள்.

அப்புறம் மைக்கை எடுத்தாள். துணிக்கடை வாசலில் கேட்ட அதே குரல். "அக்கவுண்ட்ஸ் இந்தப் பக்கம் வரூ, டெஸ்டிங் அந்தப் பக்கம் நிக்கூ. தோத்தவங்க யாரு?" அவ்வளவுதான். ஹாலின் நடுவில் இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு நூறு பேர் இரண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். முன்னுக்கு நான்கு அடி, பின்னுக்கு நான்கு அடி. பாயசம் குடித்த வயிறு தாங்கக்கூடிய வேகம் அது. வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்த மனிதர்தான் முன் வரிசையில் இழுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றேகால் மணி நேரம் போட்டாள். நாலு மணிக்கு எச்ஆர் அம்மாவே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினார். அந்த எட்டுப் பாட்டில் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. அவளுக்குத் தேவைப்படவே இல்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்று வயர் சுற்றுவது போல நடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். அழுகை வருகிற மாதிரி பொறாமையாக இருந்தது. ஒரு பாட்டின் நடுவில் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, கூட்டத்தைத் தானே பாட விட்டு, சரியான இடத்தில் பிடித்தாள் பாருங்கள், அந்தக் கை என் கையாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது இரண்டு காகிதக் கோப்பையில் டீ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தேங்க்ஸ் அண்ணே."

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்மா, அந்த லிஸ்ட்ட நான் சரியாப் பாக்கல..."

"பாத்தீங்க அண்ணே. வரிசை மாறாமப் போட்டீங்களே." சிரித்தாள். "போடுவீங்கன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவளே சொன்னாள்.

"ஆபீஸ் ஓணத்துல இந்த எட்டையும் போடுற வரைக்கும் விட மாட்டாங்க அண்ணே. ஒவ்வொரு டீமா மேடைக்கு வந்து, அது போடு, இது போடுன்னு உயிர வாங்குவாங்க. சாப்பிட்ட உடனே அது செட்டும் ஆகாது. எனக்கு முன்னாடி யாராவது அத முடிச்சு, அவங்கள உக்கார வெச்சுட்டா, நான் முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். அல்லே?"

"அத என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே."

"போடுங்கன்னு கேட்டா போட்டிருப்பீங்களா?"

டீ நாக்கைச் சுட்டது. போட்டிருக்க மாட்டேன். நேற்று முளைத்தவள் எனக்குப் பாட்டு எடுத்துத் தருவதா என்று ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன். எட்டும் அவள் தலையில்தான் விழுந்திருக்கும்.

"எப்படித் தெரிஞ்சுது, நான் இப்படிச் செய்வேன்னு?"

"நேத்து ஆல் தி பெஸ்ட் சொன்னீங்கல்ல அண்ணே. மூஞ்சி நல்லாத்தான் சிரிச்சுது. கால் மட்டும் தரையத் தேச்சுக்கிட்டே இருந்துச்சு. அரை மணி நேரம்." பிறகு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்பது போல, "கடை வாசல்ல நிக்கும்போது பழகினது. வாங்குற ஆளா, சும்மா பாக்குற ஆளான்னு கால்தான் சொல்லும்" என்றாள்.

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தது அடக்கம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் தொழில் ரகசியம் என்று பதினான்கு வருஷம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது, துணிக்கடை வாசலில் நைட்டி விற்றபடி அவளுக்குத் தானாகவே கிடைத்திருக்கிறது. கூட்டத்தைப் படிக்கிறவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவள் முதலில் படித்த கூட்டம் நான் ஒருத்தன்தான்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இந்த வருஷமும் அதே கம்பெனி கூப்பிட்டது. அவள் மெயின், நான் ஓப்பனிங். "போன வர்ஷத்தெ போலத்தன்னெ மதி சேட்டா" என்றார் எச்ஆர் அம்மா. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மேடையும் போய்விடும் என்பதால் சொல்லவில்லை. பொறாமை குறைந்ததா என்று கேட்காதீர்கள். இப்போது அவளைப் பின்தொடர்ந்தே பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேற்று ஸ்பீக்கரைச் சரிபார்க்கப் போயிருந்தோம். அவளிடம் பேசி முடிக்கிறவரை இரண்டு காலையும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நின்றேன். அவள் இந்தத் தடவை குனியவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, வரும் வழியில் வீட்டுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் பட்டியல் வந்தது. அதே கும்பிடுகிற பொம்மை, அதே ப்ளீஸ். இந்தத் தடவை பத்துப் பாட்டு இருந்தது.