பன்னிரண்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். வரிசை மறந்துபோகும். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இது புதிதில்லை… ஆனாலும் இந்த வாரம் எண்கள் எல்லாம் வருகின்றன, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே மன்னியுங்கள்.

விஷயம் என் வேன்.

புதனும் சனியும் காலையில் வடை, கறிபாப் ஏற்றிக்கொண்டு ஜெராம் சந்தைக்குப் போகிறேன் அல்லவா, அந்த வேன்தான். கொஞ்ச நாளாகச் சனிக்கிழமை முக்கி முனகிக் கிளம்பும். புதன்கிழமை 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். அரைத்த மாவு ஒரு பக்கம் புளிக்கும், நான் ஒரு பக்கம் புளிப்பேன்.

ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. மெக்கானிக் மணியம் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, கழற்றிய கையோடு அளந்து பார்த்து, பேட்டரி நல்லாத்தான் இருக்கு, வேனுக்குத்தான் வயசாச்சு என்றார். எனக்கும்தான் வயதாயிற்று. என்னை யாராவது மாற்றினார்களா?

மகளின் கணவர் சேகர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே முடிவைச் சொல்லிவிட்டார்.

"அத்தே, மாசக் கடைசில இந்த வேன இரும்புக்குப் போட்டுருவோம்லா. நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட்! வேன் போனால் சந்தை போகும். சந்தை போனால் நான் நாலு மனிதர் முகம் பார்ப்பது போகும். இதை வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பாவம், சேகர் கெட்டவர் இல்லை. சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருகுகிற குட்டி மீட்டர் ஒன்றை அவர்தான் வாங்கிக் கொடுத்திருந்தார். ஆனால் அதற்குச் சாவியைத் திருப்பினால்தான் உயிர் வரும். எனக்குப் பார்க்க வேண்டியதோ சாவி தொடாமல், அது பாட்டுக்குத் தூங்குகிற பேட்டரியை. தூங்குகிறவரை எழுப்பி, நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டு என்ன பயன்?

அரிசி வாங்கச் செகிஞ்சான் போனோம். சேகர் காரில் போன் பேசிக்கொண்டிருந்தார். எதிரே டிராக்டர் சாமான் விற்கிற கடை. மூன்று முறை வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாவது முறை கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, என்னைப் பார்த்துவிட்டார். வேறு வழியில்லை, நுழைந்தேன்.

எனக்குத் தெரிந்த மலாயில் பேட்டரி, மீட்டர் என்றேன். அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் முள் ஆடும். விலை குறைவு. இன்னொன்றில் எண் வரும்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ… அலமாரியில் இருந்த புதுப் பேட்டரியைக் காட்டி, இரண்டாலும் அளக்கச் சொன்னேன். முள் பன்னிரண்டைத் தாண்டி எங்கோ நின்றது. பன்னிரண்டா, பன்னிரண்டரையா? கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தும் தெரியவில்லை. எண் மீட்டர் பளிச்சென்று காட்டியது — 12.64.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற இரண்டு எண்தான் விஷயமே. நிறைந்த பேட்டரிக்கும் காலியான பேட்டரிக்கும் நடுவே ஒரு வோல்ட்கூடக் கிடையாது என்று தவுக்கே விரலால் காட்டினார். மீன் தராசில் தாலியை நிறுக்க முடியுமா, சொல்லுங்கள்? எண் மீட்டரையே வாங்கினேன். V எழுத்துக்குப் பக்கத்தில் நேர்கோடு போட்ட பக்கம் 20-இல் திருப்ப வேண்டும், நெளிகோடு வீட்டுக் கரண்ட்டுக்கு. சிவப்பு வயரை 10A துளையில் செருகவே கூடாது என்று அந்தத் துளையைக் கையால் மூடி, தலையை ஆட்டிக் காட்டினார்.

காரில் சேகர் பையை எட்டிப் பார்த்தார். "மீட்டர் எதுக்கு அத்தே, பேட்டரிக்கு ஜோசியம் பாக்கவா?"

பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சந்தை முடிந்து வந்து, இரண்டு மணி நேரம் வேனை ஆறவிட்டு அளந்தேன். 12.61. ஞாயிறு மாலை 12.40. திங்கள் 12.19. செவ்வாய் 11.98. சேகர் காரையும் சொல்லாமல் அளந்தேன். மாலையில் 12.58, காலையில் 12.56.

அப்படியானால் பேட்டரிக்கு வியாதி இல்லை. நிற்கிற வேனில் ஏதோ ஒன்று உட்கார்ந்து சாப்பிடுகிறது!

இருட்டிய பிறகு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். ரேடியோ இல்லை, விளக்கு இல்லை, சாவியும் என் மடியில். இருட்டில் ஒன்றே ஒன்று எரிந்தது. டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் பின்னால், சிவப்பு பல்ப்.

போன தைப்பூசத்துக்கு நான்தான் போடச் சொன்னேன். சாமி விளக்கு, அணையவே கூடாது என்று வயர்மேனிடம் கறாராகச் சொன்னதும் நான்தான். அவர் வயரைச் சாவிப் பக்கம் விடாமல் நேராகப் பேட்டரியிலேயே கொடுத்துவிட்டார். மெக்கானிக்கும் பார்த்தார், சேகரும் பார்த்தார், எல்லோரும் கும்பிட்டார்கள். சாமி விளக்கை யார் சந்தேகப்படுவார்?

பல்ப்பைக் கழற்றக் கை வரவில்லை. பிறகு யோசித்தேன் — கோயிலிலேயே பூசை முடிந்தால் நடை சாத்துகிறார்களே? "பிள்ளையாரப்பா, இனி நீயும் நேரத்தோட படு" என்று சொல்லிக் கழற்றினேன்.

சார்ஜ் போட்டு, மறுபடி சனி முதல் செவ்வாய் வரை அளந்தேன். 12.62. 12.61. 12.60. 12.60.

புதன்கிழமை சேகர், அவர் காரிலிருந்து என் வேனுக்குக் கரண்ட் கொடுக்கிற ஜம்பர் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் ஒரே திருப்பு. வேன் உறுமியது. அவர் கேபிளைச் சுருட்டிக்கொண்டே, "அத்தே, அந்த மீட்டர நம்ம காருக்கும் கொஞ்சம் வச்சுப் பாருங்களேன்" என்றார். மாசக் கடைசி வந்தது, போனது. இரும்புக்கடைப் பேச்சே இல்லை. விளக்கு இப்போது சாவியோடு எரிந்து சாவியோடு அணைகிறது, வயரை மணியமே மாற்றிக் கொடுத்தார். பல்ப்பைப் போடச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை!

கடைசியாக ஓர் உதவி. நேர்கோடு, நெளிகோடு, 20, 10A, புள்ளிக்குப் பின்னால் வந்த எண்கள்… ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்.

வேன் கிளம்புகிறதா என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அதை ஜெராம் சந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.