கூடுதல் அரை மாத்திரை

அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து மடித்த துண்டுகள் எங்கள் வீட்டுக் கொடியில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு காயும். அக்காவின் கழுத்தில் ஒன்று கட்டியிருக்கும், அரைமணியில் நனைந்துவிடும். மாற்றிக் கட்டுவது என் வேலை. அக்காவுக்குப் பிறவியிலேயே மூளை வாதம். கை கால் இழுக்கும், பேச்சு குழறும், புத்தி மட்டும் படு கூர்மை. என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஊராருக்கு அவள் "ஜொள்ளு வடியிற புள்ள", அவ்வளவுதான்.

அவளுக்குப் புதுநன்மை, அதாவது மாதா கோயிலில் முதல்முதலாக நன்மை அப்பம் கொடுப்பது, வருடா வருடம் தள்ளிப்போனது. "எச்சிலோட நன்மை கீழ வுழுந்தா யாருக்குங்க பாவம்?" என்று கேட்டே, ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் அம்மாவின் வாயை அடைத்துவிடுவார். அக்காவுக்கோ ஜெபங்களெல்லாம் தலைகீழ்ப் பாடம். அறுபதுகளின் கடைசியில் பூசை வைக்கப் புதிதாக வந்த சாமியார், என்னோடு சேர்த்து அவளுக்கும் கொடுக்கச் சம்மதித்தார். அம்மா அவளைத் தாங்கிப் பிடித்துக் கம்பைநல்லூரில் பஸ் ஏறித் தருமபுரிக்கு ஓடினாள். "எச்சி அதிகமா ஊறலம்மா, முழுங்கத்தான் வரல" என்ற டாக்டர், எச்சிலைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். காலையில் அரை மாத்திரை, அதற்குமேல் கொடுக்கவே கூடாது, வாய் வறண்டால் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

அந்த நாள் காலையில் அம்மா அரை மாத்திரையைப் பொடித்து அவள் நாக்கில் தடவிவிட்டுச் சேலை மாற்றப் போனாள். எனக்கு என் வெள்ளைக் கவுன்தான் கவலை. பக்கத்தில் அவள்தானே உட்காரப் போகிறாள்! மீதி அரையையும் பொடித்து நானே தடவிவிட்டேன். ஒன்பது வயதில் அவ்வளவு சுயநலம் எனக்கு.

கோயிலில் அக்காவின் மோவாய் காய்ந்து கிடந்தது. அம்மா பூரித்துப்போனாள். பூசை நீண்டது. அக்காவின் முகம் சிவந்தது. "த...ண்ணி" என்றாள். நன்மை வாங்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

"செத்த பொறுத்துக்க கண்ணு" என்றாள் அம்மா. காரணம் தெரிந்த நான் என் கவுன் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன்.

சாமியார் வைத்த அப்பம் அவள் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. திணறி இருமினாள். அப்பம் தரையில் விழுந்தது. சாமியார் குனிந்து எடுத்துத் தாமே உட்கொண்டு, "முதல்ல தண்ணி குடுங்கம்மா, தண்ணியால நோன்பு முறியாது" என்றார். அடக் கடவுளே, இதை ஒருவரும் முந்தியே கேட்டுவைக்கவில்லையே! எச்சிலால் விழும் என்று பயந்தது, எச்சில் இல்லாமல் விழுந்தது. அடுத்த ஞாயிறு கொடுக்கலாம் என்று சாமியார் சொல்லியும் அக்கா மறுபடி கோயிலுக்கு வரவில்லை. நாங்கள் பூசைக்குப் போகும்போது அவளை வீட்டுக்குள் விட்டு வெளியே தாழ் போட்டுவிட்டுப் போவோம்.

இப்போது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மோவாயைத் தாங்கி, உதட்டை மூடி விழுங்கப் பழக்குகிறார்கள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து தனியாக அழுதேன். சொல்லி அழ எனக்கு யாருமில்லை.

நான் செய்ததை அக்கா அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். குழறினாலும் அம்மாவுக்குப் புரியும். அவள் சொல்லவேயில்லை. எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகிப் புறப்பட்ட அன்று, லட்டைக் கிள்ளி அவளுக்கு ஊட்டப் போனேன். அம்மா ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். என் விரல் அருகில் போனதும், அந்த வருடங்களில் எப்போதும் செய்ததுபோல, அன்றும் உதடுகளை இறுக்க மூடிக்கொண்டாள்.